தெருமுனையில் என் முகம்

"ஒண்ணும் இல்லம்மா. அல்சர்தான்" என்று என் மகன் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குச் சாவு பயம் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில்தான் வாய் வழியாகக் குழாயை விட்டு என் வயிற்றைப் பார்த்திருந்தார்கள். தொண்டை மரத்துக் கிடந்தது. என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மகனும் பேத்தியும் மட்டும் டாக்டரம்மாவின் அறைக்குள் போனார்கள். திரும்பி வரும்போது பேத்தி அவள் அப்பாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் மகன் சிரித்தான், அல்சர் என்றான்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். வாயு என்றிருந்தால் நம்பியிருப்பேன், கல் என்றிருந்தாலும் நம்பியிருப்பேன். ஆனால் அல்சர் என்பது, என் வீட்டுக்காரருக்குக் குடலில் புற்று வந்தபோது அவரிடம் நாங்கள் சொன்ன பெயர்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அந்த நோய் வந்தவரிடம் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். மனசு விட்டுப்போனால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்பார்கள். தெருவுக்கே தெரிந்திருக்கும், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. முதலில் ஒரு சின்ன நோயின் பெயரைச் சொல்வார்கள். பிறகு சொந்தக்காரர்கள் சாத்துக்குடியும் பிரட்டுமாக வந்து, சிரித்துப் பேசிவிட்டு, வாசல் தாண்டியதும் அழுவார்கள். பிறகு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்ன ஆசை என்று கேட்பார்கள். பார்க்கவேண்டிய ஆட்களையும் இடத்தையும் காட்டிக் கூட்டிவருவார்கள். கடைசியாக, முகத்தில் தெம்பு இருக்கும்போதே நல்ல துணி உடுத்தி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

என் மாமனாருக்கும் அப்படித்தான் நடந்தது. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் நடந்தது. அவருக்கு மகனுடைய வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்தோம். அவர் போன அன்று, பேனர் கடைக்காரர் அவர் தலையை மட்டும் வெட்டி எடுத்து, யாருடையதோ கோட்டு சூட்டின் மேல் ஒட்டிக் கொடுத்துவிட்டார். உயிரோடு இருந்தவரை கோட்டு என்ற ஒன்றைத் தொடாத மனுஷர், கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே பெரிய ஆபீசர்போல நின்றார்.

இப்போது என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். மகனைக் கேட்கலாமே என்று யாரும் சொல்லலாம். நான் கேட்கிற ஜாதி இல்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். நாலு பேர் பார்த்தால் என் தலை தானாகக் குனிந்துகொள்ளும். அதோடு, கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயமும் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அதே வரிசையில் வந்தது.

எங்கள் வீடு பொழிச்சலூரில். என் மாமனார் நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது எங்கள் வீடும், பக்கத்தில் வாடகைக்கு விட்ட வீடுகளும் இருக்கின்றன. மொட்டை மாடிக்கு மேலே விமானம் இறங்கும். அது போகும் வரை யார் பேசினாலும் காதில் விழாது, பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். அந்த வாரம் விமானம் இல்லாதபோதும் எங்கள் வீட்டில் பேச்சு நின்று நின்று போனது. நான் சமையலறைக்குள் போனால் மகனும் மருமகளும் பேசுவதை நிறுத்துவார்கள். மருமகள் உடனே அடுப்பைப் பார்ப்பாள்.

தாம்பரத்தில் இருக்கும் என் மகள், பொங்கல் தீபாவளிக்கு வருகிறவள், வாரத்தின் நடுவில் வந்து நின்றாள். எனக்கு எண்ணெய் தேய்த்துத் தலை முழுகவைத்தாள். முதுகு தேய்க்கும்போது, "ம்மா, உன்ன நாங்க சரியாவே கவனிக்கலம்மா" என்றாள். அவள் அப்பாவுக்குக் கால் பிடித்துவிடும்போதும் இதையேதான் சொன்னாள்.

சாப்பாட்டிலும் காரம் நின்றுவிட்டது. ஊறுகாய் பாட்டிலை மருமகள் மேல் அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

"ஒரு துண்டு எலுமிச்ச ஊறுகா குடும்மா" என்றேன்.

"அத்தே, டாக்டர் இன்னா சொன்னாங்க? காரம் கூடாதுன்னாங்க இல்ல? மோர்சாதம் சாப்டுங்க."

"ஒரு துண்டுதானே."

"இந்த ஒரு துண்டுலதான் எல்லாம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லாம் என்றால் எது? மோர்சாதத்தைத் தட்டோடு தள்ளி வைத்தேன்.

அடுத்து என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, பல்லாவரத்தில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய சாத்துக்குடியோடு வந்தாள். அந்தப் பையைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இன்னா அண்ணி, இப்டி எளச்சிப்பூட்ட? நீ எதுக்கும் கவலப்படாத. பசங்க எல்லா ஏற்பாடும் பண்ணிகினுதான் கீறாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ! என்ன ஒண்ணும் கேக்காத அண்ணி. வாயத் தொறக்கமாட்டேன்னு உம்புள்ளகிட்ட சத்தியம் பண்ணிகீறேன்."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

"கேட்டுடுவியோன்னுதான் சொல்றேன்."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளால் ஒரு ரகசியத்தை ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம்கூட வைத்திருக்க முடியாது. கேள் கேள் என்று மனசு அடித்துக்கொண்டது. நான் எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டேன். டம்ளரை நீட்டும்போது என் கை ஆடி, காபி அவள் புடவையில் கொட்டியது. "பாத்தியா, ஒடம்புல சத்தே இல்ல" என்று அவள் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மகன் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ம்மா, உனக்கு எதாவது ஆசை இருந்தா சொல்லு."

"இன்னாத்துக்குடா இப்ப?"

"சும்மாதான். எங்கயாவது போகணும், யாரையாவது பாக்கணும்னு இருந்தா சொல்லேன். வயசாவுது இல்ல?"

இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும், அதான்டா ஆசை என்று சொல்லத் தோன்றியது. வாய் வரையில் வந்துவிட்டது. விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. அது போய் முடிந்தபோது அந்தத் தைரியமும் போய்விட்டது.

"அண்ணனப் பாக்கணும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு ஒரு கார் வந்தது. எல்லோருமாகப் படப்பைக்குப் போனோம். அங்கேதான் என் பிறந்த வீடு. என் அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கேட்காது. தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்தித்தான் பேசுவார். வழியெல்லாம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தாம்பரம் மேம்பாலத்தையும் முடிச்சூர் சாலையின் கடைகளையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் என் கண்ணில் வந்து ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. பூட்டியிருந்த ஒரு செருப்புக் கடையைப் பார்த்துக்கூட அழுகை வந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என் தலையில் கையை வைத்துச் சத்தமாகச் சொன்னார்: "பாப்பாவுக்குப் பொறந்தவூட்டுச் சீல நான்தான் எடுத்தாருவேன். அன்னிக்கு வேற எவனும் எடுக்கக்கூடாது, சொல்லிட்டேன்!"

அவருக்கு நான் இன்றும் பாப்பாதான். மருமகள் இருமினாள். மகள் அவர் காதருகே குனிந்து, "மாமா, மெதுவா" என்றாள்.

"இன்னாத்த மெதுவா? மொற இல்லியா?"

முறைதான். எங்களில் ஒரு பெண்ணுக்குக் கடைசியாகப் போடுகிற புடவை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அண்ணனோ தம்பியோ தட்டில் வைத்து எடுத்துவந்து போர்த்துவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். என் அம்மாவுக்கு என் தாய்மாமன் கொண்டுவந்தார். மஞ்சளில் பச்சைக் கரை. அந்தப் புடவையின் மொடமொடப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

அன்னிக்கு என்று அண்ணன் சொன்ன நாள் எது என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டேன்.

திரும்பும்போது, கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மகன் காரைக் கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கு விடச் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். "வாம்மா, காத்து நல்லா வரும்" என்றான். அவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவன் அப்பாவையும் அங்கேதான் கூட்டிவந்தோம்.

அதே இடம். அதே வேகத்தில் அலை. அன்றைக்கு அவர் கணுக்கால் தண்ணீரில் நின்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேருக்கு முன்னால் என் கையைத் தொடாதவர், அன்றைக்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் கடலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு, "போதும். பாத்தாச்சி. வூட்டுக்குப் போலாம்" என்றார். நிற்க முடியாமல் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் அதே தண்ணீரில் நின்றேன். காலுக்குக் கீழே மணல் சரிந்து சரிந்து போனது. பேத்தி என் பக்கத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, "ஆயா, இங்க பாரு" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் யாருடைய மணிக்கட்டைப் பிடிப்பது என்று தெரியாமல் என் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

போட்டோவும் வந்தது. பேத்தி காலேஜிலிருந்து வந்ததும் வராததுமாக என் அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துவந்து கட்டிவிட்டாள். மாடிப் படியருகே வெளிச்சத்தில் நிறுத்தினாள்.

"பல்லு தெரிய சிரி ஆயா."

"எனக்கு பல்லு எங்க கீது?"

"இருக்கறத காட்டு போதும். இன்னா ஆயா, ஸ்கூல்ல ஹெச்செம் முன்னாடி நிக்கற மாதிரி நிக்கற? உர்ருனு இருந்தா பெருசு பண்ணும்போது நல்லா இருக்காது."

"எதுக்கு பெருசு பண்ணப்போற?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடிப்போனாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டும் என்று மகன் என்னை பைக்கில் குரோம்பேட்டைக்குக் கூட்டிப்போனான். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் வண்டியை நிறுத்தி, "நீ நிழல்ல நில்லும்மா, ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்று ஒரு கடைக்குள் போனான். கண்ணாடிக் கதவு போட்ட கடை. வாசலில் புதிதாக அடித்த பேனர் ஒன்று காயப் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண்ணீர் அஞ்சலி. யாரோ ஒரு பெரியவர், அவரும் கோட்டு போட்டிருந்தார்.

கதவு வழியாக உள்ளே பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க என் முகம். அரக்குப் பட்டு. பல் தெரியச் சிரிப்பு. அவர் கையை அசைக்க அசைக்க என் முகத்தைச் சுற்றிப் பூக்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. என் மகன் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம் பூ வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

சந்தின் சுவரைப் பிடித்துக்கொண்டேன். காது அடைத்துவிட்டது. ஒரு ஆட்டோ வந்து ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்ததை, அதன் டிரைவர் வாயசைப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இவ்வளவு சீக்கிரமா? முன்கூட்டியே அடித்து வைத்துவிடுகிற அளவுக்கா?

அன்று முதல் சாவைப்பற்றி நினைப்பதைவிட, ஐஸ் பெட்டியைப்பற்றித்தான் அதிகம் நினைத்தேன். இப்போது யார் போனாலும் கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து அதில்தான் வைக்கிறார்கள். என் வீட்டுக்காரரை வைத்தபோது உள்ளே மூடியில் நீர் பூத்து அவர் முகம் மறைந்து மறைந்து போனது. எனக்குக் குளிர் ஆகாது. மார்கழியில் மின்விசிறியே போடமாட்டேன். அந்தப் பெட்டிக்குள் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தால் பகலிலேயே பல் கிட்டிக்கொண்டது. செத்தவளுக்குக் குளிர் ஏது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, பயம் அதைக் கேட்கவில்லை.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"எனக்குக் குளிரு ஆவாதும்மா. உனக்குத்தான் தெரியுமே."

"யாரு அத்தே உங்கள குளிர்ல நிக்கச் சொன்னாங்க? ஃபேன கொறைச்சிக்கோங்க."

ஃபேனைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில் மகள் வந்து என்னைத் தாம்பரத்துக்கு அழைத்துப் போனாள். அவள் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாமாம். போன இடத்தில் அவள் நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சாயங்காலம் ஆனதும், "வாம்மா, வூட்டுக்குப் போயிடலாம்" என்றாள். ஒரு நாள் இருக்கலாம் என்றாயே என்று கேட்டேன். என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். ஆட்டோவில் ஏறியதும் போனில் சொன்னாள்: "கெளம்பிட்டோம். ஆமா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

பம்மல் தாண்டி எங்கள் தெருவுக்கு ஆட்டோ திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தெருமுனையில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், என் முகம் நின்றது. ஆள் உயரத்துக்கும் மேலே. சுற்றிலும் பூ. அதற்கு அப்பால் எங்கள் வீட்டு வாசலில் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். தெரு ஜனம் உட்கார்ந்திருந்தது. எங்கள் தெருவில் சாமியானா போட்டால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. எங்கள் வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை. முன்வரிசையில் என் அண்ணன். அவர் மடியில் ஒரு தட்டு. தட்டில் மடித்த புடவை.

என் சாவுக்கு நானே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது நான் ஆட்டோக் கம்பியைப் பிடித்த பிடியை மகளும் மருமகளும் சேர்ந்து இழுத்தும் விடுவிக்க முடியவில்லை. ஐஸ் பெட்டி எங்கே என்று என் கண் வாசலெல்லாம் தேடியது.

"ம்மா, எறங்கும்மா. இன்னாம்மா ஆச்சு?"

"நான் வரல. நான் இப்ப வரல."

பேத்தி ஓடிவந்து, என் மோவாயைப் பிடித்து பேனர் பக்கம் திருப்பினாள். "மொதல்ல அத படி ஆயா." எழுத்துக் கூட்டினேன். கண்ணில் நீர் நின்றதால் எழுத்து ஆடியது. இனிய. பிறந்த. நாள். அதைப் படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதற்குக் கீழே, எழுபது வயது காணும் எங்கள் ஆயா என்று போட்டிருந்தது.

என் பிறந்தநாள் எனக்கே தெரியாது. ஏரி உடைந்த வருஷம், பொங்கல் கழிந்து பிறந்தாய் என்று அம்மா சொல்வார். ஆதார் எடுக்க வந்தவர் ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என் அட்டையைக் கொடுக்கும்போது பேத்தி அந்தத் தேதியைப் பார்த்து, அப்பா காதில் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குத்தான் கேக்கு வெட்டுவோம். கிழவிக்குப் பிறந்தநாள் உண்டு என்று எனக்கு எப்படித் தோன்றும்?

இறங்கினேன். தலையைக் குனிந்துகொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் புடவைத் தட்டைக் கொடுத்தார். நாத்தனார், "ஒரு வார்த்த சொல்லலியே நானு! பாத்தியா அண்ணி?" என்று எல்லோரிடமும் பெருமை பேசினாள். கேக்கு வந்தது. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

பயம் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. அந்தக் கேக்குக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இல்லாத பிறந்தநாள் இந்த வருஷம் ஏன் வந்தது? அவருக்குக் கடலைக் காட்டியதுபோல எனக்கு இதைக் காட்டுகிறார்களா? அடுத்த வருஷம் இருக்கமாட்டேன் என்று தெரிந்தால்தானே இப்படிச் செய்வார்கள்?

பேத்தி மைக்கை என் கையில் கொடுத்து, "ஆயா, ரெண்டு வார்த்த பேசு" என்றாள். வாடகைக்கு எடுத்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு பக்கமும் நின்றன. நான் பேசவில்லை. பக்கத்தில் குனிந்து கேக்குத் தட்டை எடுத்துக்கொண்டிருந்த மகனிடம் மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"டேய், நெசத்த சொல்லு. எனக்கு இன்னா நோவு?"

என் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் தெருமுனை வரைக்கும் போனது. மைக்கு என் வாயருகில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"அல்சர்மா" என்றான்.

"உங்கப்பனுக்கும் அதான்டா சொன்னோம்."

அதுவும் தெரு முழுக்கக் கேட்டது. நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மருமகள்தான் வந்து மைக்கை வாங்கி அணைத்தாள். மகன் கேக்குத் தட்டோடு என் காலடியில் குந்திவிட்டான். தலை நரைத்த மனுஷன், சின்னப் பிள்ளைபோல உதடு துடித்தது.

"ம்மா, அப்பாவுக்கு சொன்னது பொய்யிம்மா. உனக்கு சொன்னது நெசம்."

"அது எனக்கு எப்டிடா தெரியும்?"

அவன் என்ன சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன் என்று இருவருக்கும் தெரிந்தது. மருமகள் அவன் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தாள்.

"அத்தே, நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம். நாங்க யாரும் உள்ள வரமாட்டோம். நீங்களே கேளுங்க. இப்ப கேக்க சாப்டுங்க, அதுல காரம் இல்ல."

மறுநாள் அதே இரும்பு நாற்காலிகளில் அவர்கள் உட்கார, நான் எழுந்து உள்ளே போனேன். அதுவரை எந்த டாக்டர் முன்னாலும் நான் தனியாக உட்கார்ந்ததில்லை. கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்றுகூடத் தெரியாமல் நின்றேன். டாக்டரம்மா எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"நான்தான் வேணாம்னுட்டேன்."

உட்கார்ந்தேன். என் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத அந்தப் பெயரை நான் சொல்லவேண்டியிருந்தது.

"எனக்குப் புத்துநோயாம்மா?"

அவர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். என் வயிற்றின் உள்பக்கத்தைக் காட்டினார். சிவப்பாக, ஈரமாக, அங்கங்கே வெள்ளைத் திட்டுகளோடு. "இதெல்லாம் புண்ணு. இங்கேருந்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு. புத்துநோய் இல்லம்மா. மாத்திரைய ஒழுங்கா சாப்டா ஆறிடும்" என்றார். என் மகனைப் பார்த்துச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எம்புள்ள உங்ககிட்ட எதனா சொல்லி வெச்சிருக்கானா?"

"உங்க பையன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அம்மாவுக்கு அல்சர் இருக்கு, பிறந்தநாளுக்கு கேக் கொடுக்கலாமான்னு."

எழுந்தேன். வணக்கம் சொன்னேனா என்று நினைவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை என்ற சந்தோஷம் உடனே வரவில்லை. என் வீட்டுக்காரர் முகம்தான் வந்தது. என் மாமனாருக்கு நோய் வந்தபோது பெயரை மாற்றிச் சொன்னவர் அவர்தான். ஆசை கேட்டவர் அவர். போட்டோவுக்கு நிறுத்திச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவரும் அவர். அந்த வரிசை முழுக்க அவருக்குத் தெரியும். நாங்கள் அல்சர் என்று சொன்ன அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும். நான் இந்தச் சில வாரங்கள் பட்டதை அவர் மாதக்கணக்கில் பட்டிருக்கிறார். சாத்துக்குடிப் பை வரும்போதெல்லாம் பட்டிருக்கிறார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறார். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன ஆவேன் என்று பயந்திருக்கிறார். கடலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே, போதும், பாத்தாச்சி என்றார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவை இழுத்தேன். மகன் நாற்காலியிலிருந்து எழுந்தான். என் கண் சிவந்திருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லடா" என்றேன். "அல்சர்தான்."

அவன் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நெசமாவாம்மா?" என்றான்.